கண்ணைக் கட்டிக்கிட்டா பார்வையற்றவரின் வாழ்க்கை புரிஞ்சுடுமா? டிசைன் உலகின் ‘சிமுலேஷன்’ முறை... பலன் எங்கே, பிசகு எங்கே?

‘தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் ஊர் பழமொழி. இதையே ஒரு பயிற்சி முறையாக மாற்றி வைத்திருக்கிறது டிசைன் உலகம். கார் வடிவமைக்கும் பொறியாளருக்கு முழங்காலை மடக்க விடாத உடை, செயலி உருவாக்குபவருக்கு கண்கட்டு, கட்டடக்கலை மாணவருக்கு ஒரு மணி நேரம் வீல்சேர் எனக் கொடுத்து, ‘இப்போ வேலையைச் செய்யுங்க பார்ப்போம்’ என்கிறார்கள். இதற்குப் பெயர்தான் ‘டிசபிலிட்டி சிமுலேஷன்’. அதாவது, உடல் குறைபாட்டைக் கொஞ்ச நேரத்துக்கு செயற்கையாக உருவாக்கி அனுபவித்துப் பார்ப்பது.

இதனால் மற்றவர்களின் கஷ்டம் புரியும், புதிய யோசனைகள் பிறக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். ‘பத்து நிமிஷம் கண்ணைக் கட்டிக்கிட்டு எங்க வாழ்க்கையைத் தப்பா புரிஞ்சுக்காதீங்க’ என்பது மாற்றுத்திறனாளிகளில் பலரின் பதில். இரண்டு பக்கமும் ஆய்வுகள் இருக்கின்றன. யார் சொல்வது சரி? விரிவாகப் பார்க்கலாம்.

சிமுலேஷனில் என்னதான் செய்வார்கள்?

எளிமையான முறைகளே அதிகம். கண்ணைத் துணியால் கட்டிக்கொள்வது, காதில் பஞ்சு அடைத்துக்கொள்வது, தடிமனான கையுறை போட்டுக்கொண்டு சட்டை பட்டன் போடுவது, மங்கலான கண்ணாடி அணிந்து மருந்து பாட்டிலில் உள்ள எழுத்தைப் படிப்பது போன்றவை.

பெரிய நிறுவனங்களிடம் இதற்கென்றே தனி உடைகள் உண்டு. ஃபோர்டு கார் நிறுவனம் பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1990-களில் ‘தேர்டு ஏஜ் சூட்’ என்ற உடையை உருவாக்கியது. முழங்கால், முழங்கை, முதுகு ஆகியவற்றை இறுக்கி, அசைவைக் குறைக்கும் உடை இது. கண்புரை வந்தவர் பார்ப்பது போலக் காட்டும் மஞ்சள் நிறக் கண்ணாடியும் உண்டு. இளம் பொறியாளர்கள் இதைப் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். 1998-ல் வந்த ஃபோக்கஸ் காரை வடிவமைத்தபோது இந்த உடை பயன்பட்டது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் உள்ள ‘ஏஜ் லேப்’ ஆய்வகத்திலும் ‘ஆக்னஸ்’ என்ற பெயரில் இதே போன்ற ஒரு உடை இருக்கிறது. அதைப் போட்டதும் கழுத்தைத் திருப்புவது, கையைத் தூக்குவது, நடப்பது எல்லாமே சிரமமாகிவிடும். கடையில் மேல் தட்டில் இருக்கும் பொருளை முதியவர் ஒருவர் எப்படி எடுப்பார் என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவுகிறது.

26 வயதில் பாட்டியான டிசைனர்

இந்த முறையைப் பற்றி யார் பேசினாலும் தவறாமல் வரும் பெயர் பாட்ரீஷியா மூர். 1970-களின் கடைசியில் நியூயார்க்கில், ரேமண்ட் லோவி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் நிறுவனத்தில் வேலை பார்த்த இளம் டிசைனர் இவர்.

அங்கே ஃபிரிட்ஜ் கதவு பற்றி ஒரு ஆலோசனைக் கூட்டம் நடந்தது. மூட்டுவாதத்தால் கை விரல் வலி உள்ளவர்களும் சுலபமாகத் திறக்கும்படி கைப்பிடியை வைக்கலாமே என்று கேட்டார் மூர். ‘அப்படிப்பட்டவர்களுக்காக நாம் டிசைன் செய்வதில்லை’ என்ற ரீதியில் பதில் வந்தது. பாட்டி, தாத்தாவுடன் வளர்ந்த மூருக்கு அந்தப் பதில் உறுத்தியது.

1979-ல், 26 வயதில், 80 வயதைத் தாண்டிய மூதாட்டியாக வேடமிட ஆரம்பித்தார். மேக்கப் கலைஞர் பார்பரா கெல்லி முகச் சுருக்கங்களை உருவாக்கிக் கொடுத்தார். ஆனால் மூர் முகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பார்வையை மங்கலாக்கிக்கொண்டார். காதை அடைத்துக்கொண்டார். கால் மடங்காதபடியும், முதுகு கூன் விழுந்தது போலவும் கட்டிக்கொண்டார். விரல்கள் சரியாக மடங்காதபடி செய்துகொண்டார். 1982 வரை, அமெரிக்கா, கனடாவில் 100-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு இந்த வேடத்தில் போய் வந்தார்.

பஸ் படிக்கட்டு, கனமான கதவு, சிக்னல் மாறுவதற்குள் கடக்க முடியாத சாலை என ஊர் முழுக்கத் தடைகள் இருப்பதை உடம்பால் உணர்ந்தார். அதைவிட, மனிதர்கள் நடந்துகொண்ட விதம் அவரை அதிகம் பாதித்தது. கடைகளில் பொறுமையில்லாமல் பேசினார்கள், அல்லது அவர் அங்கே இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. ஒரு முறை இளைஞர் கும்பல் ஒன்று பணத்துக்காக அவரை அடித்துப் போட்டது. அந்தக் காயங்களின் விளைவு பல ஆண்டுகள் தொடர்ந்தது. இந்த அனுபவங்களை 1985-ல் ‘டிஸ்கைஸ்டு’ என்ற புத்தகமாக எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். மூர் செய்தது பத்து நிமிடப் பயிற்சி இல்லை. மூன்று ஆண்டுகள், விதவிதமான ஊர்களில், நிஜ மனிதர்கள் நடுவில் நடந்தது. அவரைப் பின்பற்றி வந்த பல பயிற்சி வகுப்புகள் அவரது வேடத்தை எடுத்துக்கொண்டன. அவர் கொடுத்த காலத்தையும், ஜனங்களோடு கலந்ததையும் விட்டுவிட்டன.

ஒரு பீலர் சொல்லும் கதை

சமையலறையில் காய் தோல் சீவும் பீலரைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மெல்லிய இரும்புக் கைப்பிடி, அழுத்திப் பிடித்தால் விரல் வலிக்கும். 1990-ல் அமெரிக்காவில் ‘ஆக்ஸோ’ நிறுவனம் கொண்டுவந்த ‘குட் கிரிப்ஸ்’ வரிசைப் பொருட்கள் அந்த நிலையை மாற்றின. தடிமனான, மென்மையான, ரப்பர் போன்ற கைப்பிடி. ஈரக் கையால் பிடித்தாலும் வழுக்காது. நியூயார்க்கின் ‘ஸ்மார்ட் டிசைன்’ நிறுவனம் வடிவமைத்த இதில் பாட்ரீஷியா மூரின் ஆலோசனையும் இருந்தது. இன்று அந்த பீலர் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பொதுவாகச் சொல்லப்படும் கதை இதுதான்: தொழிலதிபர் சாம் ஃபார்பரின் மனைவி பெட்ஸிக்கு மூட்டுவாதம். அவர் பீலரைப் பிடிக்க சிரமப்பட்டதைப் பார்த்து, கணவர் மனமிரங்கி ஒரு புதுக் கருவியை உருவாக்கினார்.

ஆனால் இந்தக் கதையில் பாதியைக் காணோம். பெட்ஸி ஃபார்பர் கட்டடக்கலை படித்தவர். கைக்கு வசதியான கைப்பிடி வேண்டும் என்ற அடிப்படை யோசனையே தன்னுடையது என்று பின்னாளில் சொன்னார். மாற்றுத்திறனாளியும் டிசைன் துறை எழுத்தாளருமான லிஸ் ஜாக்சன் 2018-ல் எழுதிய கட்டுரை மூலம் இது பரவலாகத் தெரிய வந்தது. யோசனையைக் கொடுத்தவர் வரலாற்றில் வெறும் ‘வலியால் துடித்த மனைவி’யாகப் பதிவாகிவிட்டார். சிமுலேஷன் பற்றிய சண்டையின் மையமும் இதேதான். மாற்றுத்திறனாளி என்பவர் பரிதாபப்படத்தக்கவரா, அல்லது வழி தெரிந்தவரா?

சரி, கிரியேட்டிவிட்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பழகிய வேலையை யோசிக்காமலே செய்துவிடுவோம். அலாரம் அடித்தால் கை தானாகப் போய் நிறுத்தும். எங்கே சிக்கல் இருக்கிறது என்று கண்ணில் படாது. கையைக் கட்டிப்போட்டால்தான் ‘இது இப்படித்தான் இருக்கணுமா?’ என்ற கேள்வியே வரும்.

அமெரிக்கப் பொறியியல் கல்வி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2011-லும் 2014-லும் வெளியான இந்த ஆய்வுகளில், பொறியியல் மாணவர்களிடம் புது மாதிரி அலாரம் கடிகாரம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு குழு வழக்கம் போல யோசித்தது. இன்னொரு குழு பார்வை, செவித்திறன், கை அசைவு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் அனுபவத்துக்குப் பிறகு யோசித்தது. இரண்டாவது குழுவின் யோசனைகளில் புதுமை அதிகம் இருந்தது. செய்ய முடியாத வெறும் கற்பனைகளாகவும் அவை இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பார்க்க முடியாது என்றால் அதிர்வு, தொடுதல், வாசனை பக்கம் மனசு போகும். கேட்க முடியாது என்றால் வெளிச்சம், அசைவு நினைவுக்கு வரும். பழகிய பாதை அடைபட்டால் மாற்றுப் பாதை தேடுவது மனித இயல்பு.

அப்படிப் பிறக்கும் மாற்றுப் பாதை எல்லோருக்கும் பயன்படுவதும் உண்டு. செவித்திறன் குறைந்தவர்களுக்காக வந்த சப்டைட்டிலைத்தான் இன்று பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டு செய்தி வீடியோ பார்ப்பவர்கள் படிக்கிறார்கள். வீல்சேருக்காக நடைபாதை ஓரத்தில் போட்ட சாய்தளத்தில்தான் குழந்தை வண்டியும் சூட்கேஸும் போகின்றன.

ஆக, ‘யோசனை வர சிமுலேஷன் உதவும்’ என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சிக்கல் அடுத்த பாதியில்தான். அது மனிதர்களைப் புரிந்துகொள்ள உதவுகிறதா?

ஆய்வுகள் காட்டிய மறுபக்கம்

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஏரியல் சில்வர்மேன் பார்வையற்றவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2015-ல் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று பலரையும் யோசிக்க வைத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்களிடம், பார்வையற்றவர்கள் பற்றிக் கேட்டார்கள். முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், ‘பார்வையற்றவர்களால் வேலை பார்ப்பதும், தனியாக வாழ்வதும் கடினம்’ என்று மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். தங்களுக்குப் பார்வை போனால் அதற்குப் பழகவே ரொம்ப காலம் ஆகும் என்றும் கருதினார்கள்.

2017-ல் மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் தலைமையில் வெளியான இன்னொரு ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. சிமுலேஷனுக்குப் பிறகு மாணவர்களிடம் இரக்க உணர்வு கூடியது உண்மைதான். கூடவே குழப்பம், கூச்சம், கையறுநிலை, ‘நமக்கும் இப்படி ஆகிடுமோ’ என்ற பயம் ஆகியவையும் கூடின. மாற்றுத்திறனாளிகளுடன் பழகுவது பற்றிய மனப்பான்மை மேம்படவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பரிதாபம் கூடியது, மதிப்பு கூடவில்லை. இதன் விளைவு பயிற்சி வகுப்போடு முடிந்துவிடாது. ‘பாவம், அவங்களால முடியாது’ என்ற எண்ணத்தோடு வெளியே வரும் ஒருவர், நாளை ஒரு நிறுவனத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும், வீடு வாடகைக்கு விடும் இடத்திலும் இருப்பார். அங்கே அந்த ‘பாவம்’ ஒருவரின் சம்பளத்தையும் வீட்டையும் பறிக்கும்.

ஏன் இப்படி ஆகிறது?

‘கண்ணைக் கட்டி காட்டில் விட்ட மாதிரி’ என்று சொல்வோம் இல்லையா? கண்கட்டுப் பயிற்சியில் நடப்பது அதுதான். ஆனால் பார்வையற்றவர்கள் காட்டில் விடப்பட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வழி தெரியும்.

கண்கட்டு தருவது, பார்வை போன முதல் பத்து நிமிடத்தின் அதிர்ச்சியை மட்டுமே. பல ஆண்டுகள் பழகியவர் வெண்கோல் பிடித்து நடக்கும் விதம், பிரெய்ல் படிக்கும் விரல், ஸ்கிரீன் ரீடரை மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் வைத்துக் கேட்கும் காது இதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வராது. முதல் முறை சைக்கிள் ஓட்டி விழுந்தவரை வைத்து, சைக்கிள் ஓட்டுவதே ஆபத்து என்று முடிவு செய்வது போன்றது இது.

சிமுலேஷனால் காட்டவே முடியாத வேறு சிலவும் இருக்கின்றன:

● தினசரி அலைச்சல்: வீல்சேரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், கழிப்பறைக்கு வழி இல்லாத அலுவலகத்தில் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தெரியாது.

● மனிதர்களின் நடத்தை: கூட வந்தவரிடம் ‘இவருக்கு என்ன வேணும்?’ என்று கேட்பது, அனுமதி கேட்காமல் வீல்சேரைத் தள்ளுவது. இது பயிற்சி அறையில் நடக்காது.

● செலவு: கருவிக்கான பணம், அதைப் பழுது பார்க்க ஆள், அதற்கான காத்திருப்பு.

● வெளியேறும் வசதி: பயிற்சி முடிந்ததும் கண்கட்டை அவிழ்த்துவிடலாம் என்பது மனதுக்குத் தெரியும். அந்த நிம்மதியே அனுபவத்தை மாற்றிவிடும்.

கண் சிமிட்டச் சொன்ன செயலி... உச்ச நீதிமன்றம் போன வழக்கு

சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்காமல் வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

வங்கிக் கணக்கு, சிம் கார்டு போன்றவற்றுக்கு ஆன்லைனில் கேஒய்சி செய்யும்போது, கேமரா முன் இருப்பது உயிருள்ள நபர்தானா என்று உறுதி செய்ய ‘கண் சிமிட்டுங்கள்’ என்று திரையில் வரும். பலருக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால் ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்டவர்களில் பலரால் கண் சிமிட்ட முடியாது. சிமிட்டவில்லை என்றால் கேஒய்சி முடியாது. பார்வையற்றவர்களுக்கு வேறு சிக்கல்: முகத்தைத் திரையில் உள்ள வட்டத்துக்குள் சரியாக வைக்கணும், அதுவும் நேரக்கெடு முடிவதற்குள். வட்டம் எங்கே இருக்கிறது என்று செயலி சொல்லாவிட்டால் என்ன செய்வது?

இது தொடர்பாக ஆசிட் வீச்சில் உயிர் தப்பியவர்களும், பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடர்ந்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளைப் பெறும் உரிமை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு கூறியது. 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி தரவேண்டும் என்பது அதில் ஒன்று. செயலியையோ இணையதளத்தையோ வடிவமைக்கும்போது, பயனர் சோதனைக் கட்டத்திலேயே பார்வையற்றவர்களை ஈடுபடுத்தலாம் என்பதும் அதில் இடம்பெற்றது.

இப்போ யோசித்துப் பாருங்க. அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் ஒரு நாள் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு பயிற்சி எடுத்திருந்தாலும், ‘கண் சிமிட்ட முடியாத ஒருவர்’ அவர்கள் நினைவுக்கு வந்திருப்பாரா? வாய்ப்பு குறைவு. பாதிக்கப்பட்ட ஒருவர் அந்தச் சோதனை அறையில் இருந்திருந்தால், முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லியிருப்பார். தன்னால் கற்பனை செய்ய முடிந்த சிரமத்தை மட்டும்தான் ஒருவரால் நடித்துப் பார்க்க முடியும்.

நல்ல மனசு மட்டும் போதாது

2016-ல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள், சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை ஒன்றை உருவாக்கிப் பரிசு வாங்கினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் காது கேளாதோர் மத்தியில் கடும் விமர்சனம் எழுந்தது. சைகை மொழி கை அசைவோடு முடிவதில்லை. முகபாவம், புருவம், உடல் திரும்பும் திசை எல்லாமே அதன் இலக்கணம். கையுறைக்கு அது எதுவும் தெரியாது. அதோடு, கேட்கும் திறன் உள்ளவர்களின் வசதிக்காகக் காது கேளாதவர் ஏன் ஒரு கருவியைச் சுமக்கணும் என்றும் கேட்டார்கள்.

இப்படி, மாற்றுத்திறனாளிகள் கேட்காத, ஆனால் பார்ப்பவர்கள் கைதட்டும் கருவிகளுக்கு ‘டிசபிலிட்டி டாங்கிள்’ என்று பெயர் வைத்தவரும் லிஸ் ஜாக்சன்தான். படி ஏறும் வீல்சேர் இதற்கு அடிக்கடி சொல்லப்படும் இன்னொரு உதாரணம். ஒருவர் வீட்டில் விலை உயர்ந்த இயந்திரம் வாங்குவதைவிட, கட்டடத்தில் ஒரு சாய்தளம் கட்டினால் எல்லோருக்கும் ஆச்சே என்பது அவர்கள் தரப்பு.

அவர்களே வடிவமைத்தபோது...

மறுபக்கம், அனுபவம் உள்ளவர்களே களத்தில் இறங்கியபோது நடந்தவற்றையும் பார்க்கணும்.

● என்விடிஏ: கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-ல் தொடங்கியது. விலை உயர்ந்த மென்பொருளை வாங்க முடியாத பல நாட்டு மாணவர்களுக்கு இதுதான் துணை.

● யுனிவர்சல் டிசைன்: ‘தனி ஏற்பாடு வேண்டாம், ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் ஏற்றபடி வடிவமைப்போம்’ என்ற கொள்கை. இந்தப் பெயரைக் கொடுத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரான் மேஸ், சிறு வயதில் போலியோ தாக்கி வீல்சேரில் வாழ்ந்தவர். 1997-ல் அவரும் சக நிபுணர்களும் வெளியிட்ட ஏழு விதிகள் இன்றும் பாடமாக இருக்கின்றன.

● டயலாக் இன் தி டார்க்: 1988-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கே தொடங்கிய இருட்டறைக் கண்காட்சி. இந்தியாவில் ஹைதராபாத்திலும் நடத்தப்பட்டது. முழு இருட்டில் வருபவர்களை அழைத்துப் போகும் வழிகாட்டிகள் பார்வையற்றவர்கள். அங்கே தடுமாறுவது பார்வை உள்ளவர்தான். வெளியே வரும்போது ‘பாவம்’ என்ற எண்ணம் இருக்காது, ‘இவங்க எப்படி இவ்வளவு லாவகமா நடக்கிறாங்க!’ என்ற வியப்புதான் மிஞ்சும். சிமுலேஷனின் பிசகான பகுதியை சரி செய்ய இது ஒரு நல்ல வழி.

அப்போ சிமுலேஷனே வேண்டாமா?

அப்படி இல்லை. எதைச் சோதிக்க அதைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். பொருளைச் சோதிக்க சிமுலேஷன் நல்ல கருவி. மனிதரை அளக்க அது மோசமான கருவி.

உதாரணமாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய சிமுலேஷன் கண்ணாடிகளைச் சொல்லலாம். ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் பார்வைக் கூர்மை படிப்படியாகக் குறையும். மருந்து அட்டையில் உள்ள காலாவதித் தேதி எத்தனை கண்ணாடி வரை படிக்க முடிகிறது என்று பார்த்தால், எழுத்தின் அளவு போதுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நிறக்குருடு உள்ளவருக்கு ஒரு இணையதளம் எப்படித் தெரியும் என்று காட்டும் வசதி உண்டு. சிவப்பு, பச்சை நிறத்தை மட்டும் வைத்து ‘தோல்வி’, ‘வெற்றி’ என்று காட்டும் பக்கத்தின் குறை அதில் வெளிப்பட்டுவிடும். இங்கே கேள்வி எல்லாம் பொருள் மீதுதான். ‘அவர்களால் முடியுமா?’ என்று யாரும் கேட்பதில்லை.

டிசைன் குழுக்களும் கல்லூரிகளும் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் ஆட்களைக் கூப்பிடுங்க. கண்கட்டுக்கு முன்பே, அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகும் மாற்றுத்திறனாளிகளிடம் பேசணும். ஒரே ஒருவரிடம் கேட்டு முடித்துவிடக் கூடாது. பிறவியிலேயே பார்வையற்றவரின் தேவை வேறு, 60 வயதில் பார்வை குறைந்தவரின் தேவை வேறு.

2. பயிற்சியை அவர்களே நடத்தட்டும். வெண்கோலை எப்படிப் பிடிப்பது என்று பார்வையற்றவர் சொல்லிக் கொடுத்த பிறகு நடந்து பார்ப்பது வேறு. எதுவும் தெரியாமல் தடுமாறுவது வேறு.

3. ஒரு வேலையை மட்டும் கொடுங்க. ‘பார்வையற்றவராக இருந்து பாருங்கள்’ என்று சொல்வதைவிட, ‘இந்தச் செயலியில் கரண்ட் பில் கட்டிப் பாருங்கள்’ என்று சொல்வது பலன் தரும்.

4. பிறகு எழுதும் குறிப்பு பொருளைப் பற்றி இருக்கட்டும். ‘எனக்கு பயமாக இருந்தது’ என்பதைவிட, ‘மூன்றாவது பட்டனுக்குப் பெயரே இல்லை’ என்பதை வைத்துத்தான் எதையாவது சரி செய்ய முடியும்.

5. வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுங்க. ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணத்தை, அனுபவ அறிவு தருபவருக்கும் கொடுக்கணும். பெட்ஸி ஃபார்பர் விஷயத்தில் நடந்தது போலப் பெயரையும் மறைத்துவிடக் கூடாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காமராஜர் சாலையில், தமிழக அரசும் வித்யா சாகர் அமைப்பும் சேர்ந்து 2022-ல் உருவாக்கிய ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படுத்தும் உதவிக் கருவிகளை அங்கே நேரில் பார்க்கலாம். டிசைன் மாணவர்கள் கண்கட்டு வாங்கும் முன் ஒரு முறை போய் வருவது நல்லது.

உங்க போனிலேயே செஞ்சு பார்க்கலாம்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் > அக்ஸசிபிலிட்டி பகுதியில் ‘டாக்பேக்’ இருக்கும். ஐபோனில் அதே அக்ஸசிபிலிட்டி பகுதியில் ‘வாய்ஸ்ஓவர்’. இதை ஆன் செய்ததும் போனைத் தொடும் விதமே மாறிவிடும். ஒரு முறை தொட்டால், அங்கே என்ன இருக்கிறது என்று போன் படிக்கும். அதைத் திறக்க இரண்டு முறை தட்டணும். பக்கத்தை நகர்த்த ஆண்ட்ராய்டில் இரண்டு விரல், ஐபோனில் மூன்று விரல். ஆஃப் செய்யவும் இதே முறைதான்: பட்டனை ஒரு முறை தொட்டு, பின் இரண்டு முறை தட்டணும். ஆன் செய்யும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம்.

பிறகு நீங்க தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியைத் திறந்து பாருங்க. எல்லா பட்டன்களின் பெயரையும் சரியாகப் படிக்கிறதா? அல்லது வெறுமனே ‘பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்கிறதா? படங்களுக்கு விளக்கம் வருகிறதா? ஓடிபி போடும் நேரம் போதுமானதா?

முதல் பத்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலை வைத்து ‘பார்வையற்றவர்கள் எப்படித்தான் போன் பயன்படுத்துறாங்களோ’ என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அவர்கள் இதைவிட வேகமாகப் பயன்படுத்துகிறார்கள். பெயரில்லாத பட்டன் மட்டும் அவர்களுக்கும் பெயரில்லாத பட்டன்தான். பழக்கத்தால் அதைச் சரி செய்ய முடியாது. செயலியை உருவாக்கியவர்தான் சரி செய்யணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் பேர். அதற்குப் பிறகு வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 7 வகையாக இருந்த பட்டியலை 21 வகையாக விரிவாக்கியது. கட்டடம், போக்குவரத்து, தகவல் தொடர்பு அனைத்தும் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்கவேண்டும் என்கிறது.

ஆனால் அதற்கான விதிகள் ‘செய்தால் நல்லது’ என்ற அளவில் மட்டுமே இருந்தன. ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8-ம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2017-ம் ஆண்டு விதிகளில் 15-வது விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயம் பின்பற்ற வேண்டிய தரநிலைகளை மூன்று மாதத்தில் உருவாக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இது ஏன் இங்கே முக்கியம்? ஒரு சாய்தளமோ, படிக்கக்கூடிய செயலியோ யாரோ ஒருவர் மனமிரங்கித் தரும் சலுகை இல்லை, சட்டப்படியான உரிமை. கண்கட்டுப் பயிற்சியில் கண் கலங்கிய டிசைனர் நாளை வேறு வேலைக்குப் போய்விடலாம். அவரது இரக்கமும் அவரோடு போய்விடும். விதியும், சோதனை அறையில் இருக்கும் மாற்றுத்திறனாளியின் நாற்காலியும் அங்கேயே இருக்கும்.

அடுத்த முறை உங்க கல்லூரியிலோ அலுவலகத்திலோ ‘ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கலாம்’ என்று நிகழ்ச்சி வைத்தால், தாராளமாகக் கலந்துகொள்ளுங்க. அதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்க: இதை நடத்துபவர்களில் பார்வையற்றவர் யாராவது இருக்கிறாரா?